செவ்வாய் இனி இல்லை

செவ்வாய்க்கிழமையை நான்தான் அழித்தேன்.
ஜெலுத்தோங் வரைபடத்தில்
நாற்பத்தொரு சந்துகள் பச்சையாய்க் கிடந்தன.
ஒரு தட்டு தட்டினேன்,
சாம்பல்.

இனி வியாழனும் ஞாயிறும் ஈரக் குப்பை.
சனிக்கிழமை
அட்டை, போத்தல், டின்.
வீட்டுக்கு வீடு மூன்று மொழியில் அறிவிப்பு போயிற்று.
எலிகளுக்கு மட்டும் சொல்லவில்லை.

கணக்கு என்னவோ சரியாகத்தான் வந்தது.
ஒரு வீடு, ஒரு நாள்,
மூன்று கிலோ நானூறு.
நூருல் ஹஃபீசா திரும்பக் கூட்டிப் பார்த்தாள்.
அதே மூன்று கிலோ நானூறு.

சமூக மண்டபத்தில் கூட்டம் போட்டோம்.
மின்விசிறி சத்தத்துக்கு மேல்
மேடம் ஊய் மைக்கைப் பிடித்துக் கேட்டார்:
"ஞாயிறு ராத்திரி உரித்த இறால் ஓடு
வியாழன் வரைக்கும் என் வாசலில் என்ன செய்யும்?"
மீ சூப்புக்குத் தினம் எட்டுக் கிலோ உரிக்கிற வீடு அது.
பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற குமாஸ்தா, தனியாள்;
வாரத்துக்கு ஒரு பை,
அதிலும் பாதி காற்று.
இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து
நான் கட்டிவைத்த சராசரி வீட்டில்
யாருமே குடியில்லை.

பதினெட்டு வருஷமாக லாரி ஓட்டும் மரியசூசை
கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.
"தைப்பூசத்துக்கு மறுநாள்
தண்ணீர்மலை ரோட்டுத் தேங்காய் எந்தக் கலர்ங்க மேடம்?
உள்ளே ஈரம், வெளியே காய்ஞ்சது."
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் குறித்துக்கொண்டேன்.
இன்னும் பதில் எழுதவில்லை.

பாதையைச் சரிபார்க்க
ஒரு விடியலில் அவர் லாரியில் ஏறினேன்.
பதினேழாம் சந்தில் விளக்கு வெளிச்சத்துக்குள்
ஒரு மூன்று சக்கர வண்டி.
அட்டைப்பெட்டியைக் குப்புறப் போட்டு
மிதித்து மிதித்துத் தட்டையாக்கி
ராஃபியா கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார் ஒருவர்.
"கீம் ஹுவாட். முடிச்சிடட்டும்,"
என்று எஞ்சினை அணைத்தார் மரியசூசை.
வண்டிக்காரர் திரும்பாமலே கையைத் தூக்கினார்.

நாலு நிமிஷம்.
என் அட்டவணையில் அது இல்லை.

புதுத் திட்டத்தில் அட்டைக்கு நீலம்.
போத்தலுக்கு நீலம், டின்னுக்கும் நீலம்.
அந்த மனிதருக்கு நாங்கள்
நிறமே ஒதுக்கியிருக்கவில்லை.

ஆபீசுக்கு வந்ததும்
சனிக்கிழமை லாரி புறப்படும் கட்டத்தில்
ஆறு மணியை
ஆறு நாற்பது ஆக்கினேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
'காலை நெரிசல்' என்று எழுதினேன்.
சனிக்கிழமை, ஆறு மணி, ஜெலுத்தோங்,
அங்கே என்ன நெரிசல் என்று
என்சிக் ரிட்சுவான் கேட்கவில்லை.
பேனாவை எடுத்தார், கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்,
கையெழுத்துப் போட்டார்.
படித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இதனால் ஊர் ஒன்றும் புரண்டுவிடவில்லை.
மேடம் ஊய் இப்போது இறால் ஓட்டை
ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு உறையவைக்கிறாராம்.
மருமகன் ஆசையாய்த் திறந்துவிட்டு
புகார் கொடுத்திருக்கிறார்.
எண் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் சனிக்கிழமை.
முப்பத்திரண்டாம் சந்து, என் வாசல்.
நானும் வைத்தேன்,
மின்விசிறி வந்த அட்டைப்பெட்டி ஒன்று,
பால்மாவு டின் இரண்டு.
ஆறு இருபதுக்கு எட்டிப் பார்த்தால்
பெட்டியைக் காணோம்.
தகரத்துக்கு விலை இல்லை போல;
டின்களை மட்டும் சுவரோரம்
விழாதபடி ஒதுக்கி வைத்திருந்தது.

ஆறு நாற்பத்தைந்துக்கு
சந்தையே அடைத்துக்கொண்டு லாரி வந்தது.
இரண்டு டின்னுக்காக நின்றது.