நூற்றெழுபத்து மூன்றாவது எபிசோடு

வெள்ளி இரவு ஒன்பதேகாலுக்கு
பெலேம் நகரத்தில் ஒரு பேருந்தும் ஓடவில்லை.
ஓடியிருக்கலாம், நான் பார்க்கவில்லை.
குவாமாவில் எங்கள் தெருவில் நாய் மட்டும் நடந்தது.
மாமரத்திலிருந்து ஒரு பழம்
தகரக் கூரையில் விழுந்து உருண்டது.
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

டல்வா,
உனக்காகத்தான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ராத்திரி வேலையை மாற்றிக்கொண்டேன்.
ரோசிக்லேய் சும்மா தருகிற ஆள் இல்லை,
பதிலுக்கு இரண்டு ஞாயிறு கேட்டாள்.
கொடுத்தேன்.

எட்டு மாதமாக உன் சரக்குப் படகில்
நானும்தான் வந்துகொண்டிருக்கிறேன்,
டீசல் டின்களுக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவே.
நூற்றுப் பன்னிரண்டாம் நாள்
அவன் பையைப் படகுத்துறையில் இறக்கி வைத்துவிட்டு
நீ கயிற்றை அவிழ்த்தாயே,
அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை நீ.
பின்னணி இசைகூட இல்லை.
எஞ்சின் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பியது.

மறுநாள் காலை நான் பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.
எண்பது ரெயால். சாவி இரண்டு தந்தார்.
"இன்னொண்ணு யாருக்கும்மா?" என்றார்.
மரவள்ளி மாவு டப்பாவுக்குள் போட்டு
மூடியை அழுத்தினேன்.

இன்றைக்குக் கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தில்
எங்கிருந்து வந்தது அந்த வெள்ளை கவுன்?
சோப்புத்தூள், வங்கிக் கடன், ரப்பர் செருப்பு:
மூன்று விளம்பரம் முடிவதற்குள்
ஒரு மனிதன் திருந்திவிட்டான்.
எடிவால்டோவுக்கு நான்
பத்தொன்பது வருடம் கொடுத்திருந்தேன்.

மாடியில் இராசில்டா அழுவது
பலகை இடுக்கு வழியாகக் கேட்டது. சந்தோஷமாம்.
எதிர்வீட்டில் யாரோ வெடி வைத்தார்கள்,
கோல் போட்ட மாதிரி.

பத்து இருபதுக்கு போன் அடித்தது.
பெயரை எப்போதோ அழித்துவிட்டேன்.
மனப்பாடமான எண்ணை என்ன செய்ய?
"பார்த்தியா?" என்றான்.
அவனும் பார்த்திருக்கிறான்,
எட்டு மாதம், தங்கை வீட்டு சோபாவில்,
ஒரு நாள் விடாமல்.
எனக்கு இது தெரியாது.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் பேசினோம்.
கிடங்குக்குத் தீ வைத்தது யாரென்று
கடைசிவரை சொல்லவே இல்லை,
அந்த ஊமைப் பையன் பாதியில் காணாமலே போய்விட்டான்,
இரண்டு பேருக்கும் ஒரே கோபம்.
சிரித்துவிட்டேன்.
அதுதான் பிசகு.

"டல்வாவே மன்னிச்சிட்டா" என்றான்,
கதவுக்கு அடியில் சீட்டு நுழைக்கிறவன் மாதிரி,
மெதுவாக.

"அவளுக்கு எழுதிக் கொடுத்தாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை.
சோப்புத்தூள் விளம்பரம் மறுபடி ஓடியது,
கறை போகும், கறை போகும் என்று.
கறையைப் பற்றி என்னிடமா?
ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு துவைக்கிறேன்.
சிலது போகும்.
சிலதைக் கிழித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்வோம்.

போனை வைத்த பிறகும் தூக்கம் வரவில்லை.
உன்மேல் கோபமில்லை டல்வா. இருந்தது, குறைந்துவிட்டது.
பாதிரியார் முன்னால் நீ நின்றதை
நினைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.
கவுனுக்குள்ளும் காலை அகட்டி,
முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி,
அலைக்குத் தயாராக நின்றாய்.
தேவாலயத்துத் தரை ஆடாது பெண்ணே.
எழுதினவர்கள் யாரும்
அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

நாளைக்கு மறுஒளிபரப்பு.
பார்ப்பேன், பொய் சொல்ல மாட்டேன்.
கவுன் வருகிற நேரத்துக்கு
மூலைக் கடைக்குப் போய் அசாயி வாங்கி வந்துவிடுவேன்.

திங்கட்கிழமை புதுசு ஒன்று தொடங்குகிறதாம்.
காப்பித் தோட்டமாம், இரட்டைப் பெண்களாம்,
ஒருத்தி கெட்டவளாம்.
எனக்கு வேண்டாம்.
முதல் நாள் மட்டும் பார்ப்பேன்.