செட்டில்டு

மேனேஜர் பொண்ணு திரையை
என் பக்கம் திருப்பவில்லை.
அவள் மூக்குக்கண்ணாடியில் விழுந்த நீல வெளிச்சத்தில்
இடம்வலம் மாறிய என் எண்ணைப் படித்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.

பள்ளிக்கூடத்தில்கூட இத்தனை மார்க்
வாங்கினதில்லீங்க என்றேன்.
சிரிக்கவில்லை.
எழுநூத்தம்பது வேணுங்க என்றாள்.

அனுப்பர்பாளையத்தில் தகரக் கூரைக்குக் கீழே
பன்னிரண்டு பவர் டேபிள் போட்டிருந்தோம்,
நாலு ஓவர்லாக்.
சீமைக்குப் போகிற குழந்தை உடுப்பு,
நெஞ்சில் வாத்துப் படம்,
முப்பத்தோராயிரம் பீஸ் தைத்துக் கொடுத்தோம்.
பில்லுக்குப் பதில் சொல்லாமல்
ஒரு வெள்ளிக்கிழமைப் பொழுதோட
கம்பி நீட்டிவிட்டான் கம்பெனிக்காரன்.
மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள்.
தாலிக்கொடியை விற்றுப் பதினேழு பேருக்கும் கொடுத்தோம்.
பேங்குக்குத்தான் கொடுக்க முடியவில்லை.

தாலிக்கொடி அந்தத் திரையில் இல்லை.
பதினேழு பேரும் இல்லை.

கடைசியில் பேங்கே கூப்பிட்டுச் சொன்னது:
இவ்வளவு கட்டுங்க, மீதியை விட்டுடறோம்.
மிசின்களை எடைக்குப் போட்டுக் கட்டினோம்.
வெளியே வந்து
ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்தோம்.
செட்டில் பண்ணியாச்சுங்க என்று
சென்னியப்பன் ஒறம்பரை முச்சூடும் போன் போட்டார்.

இந்த வார்த்தைதாங்க பிரச்சினை,
பேனா முனையால் தொட்டுக் காட்டினாள்.

எங்கள் பக்கம் அது நல்ல வார்த்தை.
பெங்களூரில் வேலை கிடைத்த பையனைச் சொல்வது.
சீர் வீட்டில் பந்திக்குக் காத்திருக்கையில்
கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு சொல்வது:
அவியளுக்கென்னுங், செட்டில் ஆயிட்டாங்க.
பேங்கில் அதற்கு
மீதி வைத்தவர்கள் என்று அர்த்தம்.

அதுக்கப்புறம் ஏழு வருசம்
ஒத்தப் பைசா கடன் வாங்கலீங்களே என்றேன்.
அதுவும் ஒரு குறைதானுங்க என்றாள்.

ஏஜெண்டு ஜெயக்கொடி வழி சொன்னான்:
மொதல்ல ஒரு மிக்ஸி வாங்குங்கக்கா, தவணையில.
அஞ்சாந்தேதி தவறாமக் கட்டுங்க.
ஓடிக்கொண்டிருந்த பழைய மிக்ஸியை
நங்கை வீட்டுக்குத் தாட்டிவிட்டு
பதினெட்டு மாசம்
தேங்காயோடு என் நாணயத்தையும் சேர்த்து அரைத்தேன்.

எட்டு மாசப் பிள்ளை
சுவரைப் பிடித்து எழுவதுபோல் எழுந்தது எண்.
அறுநூற்று முப்பது. முப்பத்தாறு.
ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏமாற்றியதில்
பொத்தென்று உட்கார்ந்தது.
திரும்ப எழுந்து அறுநூற்று எண்பத்தொன்று.

பேங்க் அப்போதும் கையை விரித்தது.
ஸ்டேசன் பக்கம், பேக்கரி மாடியில்,
ஒரு ஃபைனான்ஸில் சரி என்றார்கள்.
கேட்டது பதினாறு லட்சம், கொடுத்தது பதினொன்று.
வட்டி பதிமூணே முக்கால்.
இதில் பழைய கணக்குக்கு எத்தனைங்க தம்பி?
பையன் பொய் சொல்லத் தெரியாதவன்.
நாலு இருக்குங்கக்கா என்றான்.

சேவூர் ரோட்டில் இரண்டரை சென்ட்.
பதினாறு லட்சத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த
மேஸ்திரி நாச்சிமுத்து
அதைக் காலால் அழித்தார்.
முளைக்குச்சியைப் பிடுங்கி
ஒன்பதடி உள்ளே தள்ளி அடித்தார்.
மகளின் அறை வெளியே நின்றது
எருக்கஞ்செடியோடு, வெயிலில்.
அவள் அதற்குள் போய் நின்று
போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மேல்தளம் காங்கிரீட் போட்ட அன்றைக்கு
மிக்ஸர் மிசின் சத்தத்துக்கு மேலே கத்தினார் மேஸ்திரி:
ஏனுங் சாந்தாமணி,
மேல ரூம்பு எப்பவாச்சும் எடுப்பீங்கல்ல?
கம்பிய நீட்டி உடட்டுங்களா,
வெட்டிப் போடட்டுங்களா?

சென்னியப்பன் என்னைப் பார்த்தார்.
நான் போனில் தேதியைப் பார்த்தேன்.
நாளைக்கு அஞ்சு.

நீட்டுங்க என்றேன்,
மூணடிக்கு.