குறிப்பிடத்தக்கதாக எதுவுமில்லை

டிசம்பர் முப்பது. தோக்கியோ விரிகுடாக் காற்று
காதை அறுக்கிறது.
பதிப்பகத்தின் அடையாள அட்டையைச்
சட்டைக்குள் தள்ளிவிட்டு வரிசையில் நிற்கிறேன்.
உரிமைப் பிரிவு, மூன்றாம் மாடி:
இன்று நான் யாருமில்லை.

கிழக்குக் கூடம், மேசை முப்பத்தேழு.
நீலத்துணி. சில்லறைக்கு ஒரு பிஸ்கட் டப்பா.
'ஈரக்குடை' என்பது புனைபெயர்.
பல் மருத்துவமனையில் வரவேற்பாளராம்;
பின்னட்டையில் அவளே எழுதியிருக்கிறாள்.
நான்காம் பாகத்தில் நாங்கள் கொன்ற படகோட்டி
அவளிடம் சாகவில்லை.
ஹொக்கைடோவில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறான்.
மாவு பிசையும்போது மட்டும்
இடது தோள் வலிக்கிறது.

அந்தத் தோளில் அம்பு பாய்ந்ததை
எங்கள் ஓவியரே மறந்திருந்தார்.

சட்டப்படி இது திருட்டு.
மூக்கு எங்களுடையது, முடி எங்களுடையது,
மணிக்கட்டின் சிவப்புக் கயிறு
பதிவெண்ணோடு எங்களுடையது.
வலி யாருடையது?
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

போர்ட்லண்டிலிருந்து மேரன் என்றொருத்தி
எங்கள் வக்கீல்களுக்குப் பதில் எழுதியிருந்தாள்:
'நான் ஒரு காசும் வாங்கவில்லை.
ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும்
எதுவும் என்னுடையதல்ல என்று எழுதிவிட்டுத்தான்
தொடங்கினேன்.'
உண்மைதான். பார்த்தேன். இருபத்தாறு முறை எழுதியிருந்தாள்.
சாவ் பாவுலோக் கிளையோ
ரசிகர்களுக்குப் போட்டியே நடத்துகிறது:
பரிசு உங்களுக்கு, படம் எங்களுக்கு.

இங்கே விலை அறுநூறு யென்.

குனிந்து சில்லறை எண்ணும்போது
சட்டையிலிருந்து அட்டை நழுவித் தொங்கியது.
பார்த்துவிட்டாள்.
பிஸ்கட் டப்பா மூடியில் அவள் விரல் நின்றது.
'நூறு பிரதிதான் போட்டேன்,' என்றாள்.
நான் கேட்கவேயில்லை.
அவளுக்குப் பின்னால், துணிக்கடியில்,
பிரிக்காத பெட்டிகள் மூன்று.
முழுப் பூசணிக்காய் ஒன்றுதான்;
சோறு போட்டு மூடுவது
நாங்கள் இருவரும்.

ஜனவரி ஐந்து. அறிக்கை எழுதினேன்:
'குறிப்பிடத்தக்கதாக எதுவுமில்லை.'
புத்தகத்தைத் தேநீர் இயந்திரத்தின் அருகே
மறந்து வைத்துவிட்டேன்.
மறதிதான். அப்படித்தான் சொல்வேன்.
மாலையில் அங்கே இல்லை.

ஜூன் இதழ். ஒரு பழைய நினைவு, இரண்டே பக்கம்.
படகோட்டி துடுப்பைக் கீழே வைக்கிறான்,
இடது தோளைத் தேய்த்துக்கொள்கிறான்.
ஓவியரின் நுட்பம் என்றார்கள்.
வாசகர் கடிதங்கள் குவிந்தன.
ஈரக்குடையிடமிருந்து ஒன்றும் வரவில்லை.
ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்தவன் நான்.

மறுபடி டிசம்பர். மறுபடி அந்தக் காற்று.
மேசை மாறியிருந்தது, டப்பா மாறவில்லை.
அட்டையை இம்முறை மறைக்கத் தோன்றவில்லை.
புதுப் புத்தகத்தில் படகோட்டிக்கு
ஒரு மகள்.

அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
ஏதோ கேட்கப்போகிறாள் என்று
நாக்கு உலர்ந்து நின்றேன்.

கண்டும் காணாமல்
'அறுநூறு யென்' என்றாள்.