பாதி இடுப்பு

முதலில் எரிச்சல்தான்.
இடப்பக்கம், விலாவுக்குக் கீழே,
இஸ்திரிப்பெட்டி தொட்டுவிட்டுப் போனதுபோல.
தோலில் ஒன்றுமில்லை.
பாவாடை நாடா இறுக்கமென்று தளர்த்திக் கட்டினேன்.
வெள்ளவத்தைக் கடையில் அன்று
பதினொரு கலியாணச் சட்டை பாக்கி.

மூன்றாம் நாள் குளிக்கையில் கண்டேன்.
முதுகுத்தண்டில் தொடங்கித்
தொப்புளருகே நின்றுவிட்ட சிவந்த பட்டி,
அதன்மேல் பாசிமணி கோத்ததுபோலக் கொப்புளங்கள்.
என் கை தைத்திருந்தால்
நடுக்கோட்டில் இத்தனை ஒழுங்காக நிறுத்தியிராது.

"மகுளு விஷம்" என்றாள் பக்கத்து வீட்டு சோமலதா.
சிலந்தி நக்கிவிட்டதாம்.
"அக்கி" என்றார் கட்டர் பெனடிக்ற்,
"சுற்றி வந்து தலையும் வாலும் முட்டினால் ஆள் முடிஞ்சுது."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்,
குண்டூசிகளைத் திரும்ப உதட்டில் கவ்விக்கொண்டார்.

அன்றைக்கே களுபோவில. வரிசை வெயிலில் நின்றது.
டொக்டர் சின்னப் பெண்.
தமிழைத் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள்:
"சிலந்தி இல்ல. சுத்தி முட்டினா சாவும் இல்ல.
ஒரு நரம்பு, ஒரு பக்கம், அவ்வளவுதான்.
சின்னதில கொப்புளிப்பான் வந்ததா?"

வந்தது.
எட்டு வயது, எண்பத்துமூன்று ஆடி,
இரத்மலானை விமானக் கொட்டகை.
கப்பலுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.
நோய்ப் பிள்ளையை ஏற்றமாட்டார்கள் என்று யாரோ சொல்ல
அம்மா என்னைக் கழுத்துவரை போர்வையால் சுற்றினாள்.
சொறியாதே. கேட்டால் குளிர் என்று சொல்.
அந்த வெக்கையில் குளிர் என்று சொன்னேன்.
ஏற்றினார்கள்.
தளத்தில் எத்தனை பிள்ளைகளோடு ஒட்டிப் படுத்தேன்,
கணக்கில்லை.

"அதே வைரஸ்தான். போகவே இல்ல.
நரம்பு முடிச்சில படுத்திருந்தது.
வயசு போனா, உடம்பு அசந்தா எழும்பும்."
நாற்பத்திரண்டு வருடம் வாடகையில்லாமல்.
மூன்று வீடு மாறினேன், ஒரு புருஷனை விட்டேன்,
அது மட்டும் கூடவே வந்திருக்கிறது.

மாத்திரை நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள்.
கண்டவுடனே வந்தது நல்லதாம்.
உடைக்காதே, மூடி வை, பொருக்குக் கட்டும்வரை.
ஐம்பது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி உண்டாம்.
விலை கேட்டேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.
பெனடிக்ற்றின் உதட்டோரம் அடிக்கடி பொங்குவதையும் கேட்டேன்,
உஷ்ணம் என்பாரே.
"அது இதுக்குச் சொந்தக்காரன். பொங்கின நாளில
கோப்பை வேணாம், முத்தம் வேணாம்."
குண்டூசி?
"ஐயோ, குண்டூசியும் வேணாம்."

கதவுவரை போன என்னைக் கூப்பிட்டாள்.
"கூட வேல செய்யிற யாரும் பிள்ளைத்தாச்சியா?"

இமேஷா. ஐந்தாம் மாதம்.
என் கத்தரி, என் துவாய், என் தோள்
எல்லாம் தன்னுடையதென்று நினைப்பவள்.

காலி வீதியில் நின்று தொலைபேசியை எடுத்தேன்.
விரல் போகவில்லை.
தெரிந்தால் பதினொரு சட்டையும் போகும்,
கலியாண வீடுகளுக்கு வாய் நீளம்.
உடுப்புக்குள்ளேதானே இருக்கிறது?
குளிர்க் காய்ச்சல் என்று சொல்லலாம்.
இரண்டு பஸ் போயிற்று.

"இமேஷா, உனக்குச் சின்னதில் கொப்புளிப்பான் வந்ததா?"
"தெரியாது அக்கே. ஏன்?"

சொன்னேன். அந்தப் பக்கம்
ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.
துவாயைத் தொடாதே என்றேன்,
இன்றைக்கே கிளினிக்குக்குப் போ என்றேன்.
நான் கிட்ட வரமாட்டேன் என்று சொல்லும்போதுதான்
குரல் உடைந்தது.

ஏழு சட்டை போயிற்று.
இமேஷாவின் இரத்தம் பார்த்தார்கள். எப்போதோ வந்து போனதாம்,
அவளுடைய அம்மாவுக்கே ஞாபகமில்லை.
பெனடிக்ற்றின் மேசையில் இப்போது
பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்று, நிறையக் குண்டூசிகள்.

பொருக்கு உதிர்ந்துவிட்டது. வலி உதிரவில்லை.
இரவில் என் பாதி இடுப்பு மட்டும் விழித்திருக்கிறது.
நேற்று அளவுநாடா வைத்துப் பார்த்தேன்,
பதினாறரை அங்குலம்.