மிச்சம்

மல்லாகம் கோட்டடியில்தான் கண்டது.
அவருக்கு ஒன்பதாம் தவணை, எனக்கு ஐந்தாம்.
நீதிபதி லீவு என்று உள்ளேயிருந்து ஆள் வந்து சொல்ல
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
"பேந்தும் மூண்டு மாசம்" என்றோம்.
அவ்வளவுதான் காதல்.

முதற் கொடியை விற்ற காசு
சட்டத்தரணிக்குப் போய்விட்டது.
இந்த முறை கொடி வேண்டாம் என்றேன்.
கொக்குவிலில் பதிவாளர் வீட்டு விறாந்தையில்
கையெழுத்து. பேனை எழுதவில்லை.
அவருடைய மகள் பள்ளிக்கூடப் பையைக் கிண்டி
வேறொன்று எடுத்துத் தந்தாள்.
படிவத்தில் ஒரு கட்டத்துக்குள்
இரண்டு பேருக்கும் ஒரே சொல்.

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் எடுத்தாள்.
இரண்டாம் கலியாணம்தான் கெதியாய் முறியுமாம்,
அங்கை கணக்கே எடுத்து வைச்சிருக்கினமாம்,
நூறுக்கு இத்தனை எண்டு சொன்னாள்.
குக்கர் விசிலடித்தது.
எத்தனை என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

கணக்கு என்னத்துக்கு, அலுமாரியைப் பார்த்தால் போதும்.
ஒன்றரை வருஷமாய் அவருடைய சேட்டுகள்
பாதி பயணப்பைக்குள்.
தையல் மெசின் வாங்கிய பற்றுச்சீட்டு
என் பெயரில், என் பைலில்,
பழைய தீர்ப்பின் பிரதிக்குக் கீழே.
ஒருக்கால் வெளியேறிப் பழகிய கால்
இருட்டிலும் படலையைக் கண்டுபிடிக்கும்.

போன கிழமை சண்டை.
தண்ணி மோட்டரை நிற்பாட்ட மறந்ததில் தொடங்கி
முதல் மனுசியின் பெயர் வரை போனது.
நளாயினி. நான்தான் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
சண்டை முழுக்க மோட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒருவரும் அழவில்லை. அதுதான் பயம்.
முதல் தடவை நான் கோப்பை உடைத்தவள்,
அவர் சாமியறையில் சத்தியம் செய்தவராம்.
இப்ப பழகிவிட்டது.
எந்தப் படிவம் முதல், எது பிறகு என்று
மனதுக்குள் அடுக்கிக்கொண்டு நின்றேன்.
அவர் முற்றத்திலிருந்து கேட்டார்:
"உம்மடை லோயர் இப்பவும்
அந்தக் காசுதானோ வாங்கிறார்?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவருக்கு வரவில்லை.
உண்மையாகத்தான் கேட்டிருக்கிறார்.

பிறகு மோட்டரை நிற்பாட்டப் போனார்.
தாங்கி வழிந்து வாழையடி எல்லாம் சேறு.
காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்து
பைக்குள்ளிருந்து ஒரு சேட்டை எடுத்தார்,
நீலக் கோடு போட்டது, கசங்கினது.
போட்டுக்கொண்டு வெளிக்கிடப் போகிறார் என்று நினைத்தேன்.
உதறி, கொழுவியில் மாட்டி,
என் சீலைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்.

ஒன்றுதான்.
மிச்சம் எட்டு, பைக்குள்.
நான் எண்ணவில்லை என்று
சொல்லமாட்டேன்.