முப்பத்து நாலாம் வரிசை

மோஹேர் நூலை அவிழ்ப்பதென்றால்
முதலில் அதைக் குளிரில் போடவேண்டும்.
பையிலே சுற்றி, காற்றைப் பிதுக்கி,
சூடை மீனுக்கும் உறைந்த பரோட்டாவுக்கும் நடுவில்
வைத்துக் கதவைச் சாத்தினேன்.

இரவு பதினொன்றுக்கு பஸ் ஓட்டி முடித்து வந்த குகதாசன்
ஐஸ்கிரீம் தேடி பிறீசரைத் திறந்து
"ஐயோ, ஆற்றை பூனை இது?" என்று கத்தினது
மூன்று நாளில் இந்த வீட்டில் கேட்ட
முதல் வசனம்.

பூனையில்லை. என் சட்டையின் பின்பக்கம்.
சாம்பல் நிறம். கடைக்காரி வைத்த பெயர்
'நவம்பர் ஏரி'.

தண்டர் பே துறைமுகத்துத் தானியக் களஞ்சியத்தில்
தரம் பார்ப்பது என் வேலை.
கைப்பிடி கோதுமையில் ஒரு மணி கறுத்திருந்தாலும்
கண்ணில் தைக்கும்.
அந்தக் கண்தான்
முப்பத்து நாலில் நழுவிய கண்ணியை
எழுபத்திரண்டாம் வரிசையில் வந்து பிடித்தது.
மூட்டம் போட்டுப் பிழையை மூடும் நூல் இது.

பருத்தி என்றால் இழுத்ததும்
பொய் பிடிபட்ட பிள்ளை மாதிரி
மளமளவென்று எல்லாம் கொட்டும்.
செம்மறிக் கம்பளி கொஞ்சம் முனகும், பிறகு வரும்.
இது வெள்ளாட்டுச் சாதி.
ஒரு மயிர் பக்கத்து மயிரை எட்டிப் பிடித்து
விடமாட்டேன் என்னும்.
இழுத்தால் முடிச்சு.
இன்னும் இழுத்தால் முடிச்சுக்குள் முடிச்சு.

அவருடைய அண்ணன் பிறாம்ப்டனில் வீடு வாங்குகிறார்.
முன்பணத்தில் இருபதினாயிரம் நாங்கள் தருவோமென்று
இவர் வாக்குக் கொடுத்தது நவராத்திரிக்கு முதல்.
எனக்குத் தெரிந்தது பொங்கல் கழித்து,
வங்கிக் கடிதத்தை உடைத்தபோது.
இடையில் எத்தனை வரிசை
நல்லபடியாகவே பின்னி வந்திருக்கிறோம்.

பிறீசரிலிருந்து எடுத்தால் பத்து நிமிடம்.
மயிரெல்லாம் விறைத்து
ஒன்றையொன்று மறந்திருக்கும் நேரம் அவ்வளவுதான்.
நான்கு வரிசை அவிழும். பிறகு மறுபடி உள்ளே.
ஒருவர் அவிழ்க்க ஒருவர் சுற்றவேண்டும்.
நான் கேட்கவில்லை.
கிண்ணத்தை வைத்துவிட்டு, சப்பாத்தும் கழற்றாமல்
எதிரே வந்து குந்தி
விரல்களை நீட்டினார்.

நான்கு வரிசை. தேத்தண்ணி. நான்கு வரிசை.
"இறுக்கிச் சுற்றாதீங்கோ."
"இப்படியோ?"
"இன்னும் தளர."
ஒன்றரை மணிக்கு, ஐம்பத்தாறாம் வரிசையில்,
"உன்னட்டைச் சொல்லியிருக்கவேணும்" என்றார்
நூலுருண்டையைப் பார்த்து.
"கையை ஆட்டாதீங்கோ" என்றேன்.

மறுநாள் இரவு, நாற்பத்தொன்றில், ஒரு முடிச்சு
எந்தக் குளிருக்கும் மசியவில்லை.
கத்தரிக்கோல் எடுத்துத் தந்தது அவர்தான்.
வெட்டினேன்.
இருபதினாயிரத்துக்கு இன்னும் முடிவில்லை.

துறைமுகத்தில் பனிக்கட்டி உடைக்கும் கப்பல் வந்த கிழமை
சட்டை முடிந்தது, இனி யாருக்கு வேண்டும் என்பதுபோல.
பச்சைத்தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பு.
தேய்க்கக்கூடாது. முறுக்கிப் பிழிந்தால் போச்சு.
துவாயில் சுருட்டி அதன்மேல் நடக்கவேண்டும்.
நடந்தார், காலுறையோடு,
அடிக்கொரு தரிப்பிடம் இருப்பதுபோல் நின்று நின்று.
கொடியில் போட்டால் தன் பாரத்தில் தானே நீண்டுவிடும் என்று
சாப்பாட்டு மேசையில் படுக்கவைத்தோம்.
இரண்டு நாள் சோறு மடியில்.
ஜன்னலுக்கு வெளியே, ஏரிக்கு அப்பால்,
தூங்கும் ராட்சத மலையும் அதேபோல் மல்லாந்து.

இப்போது எங்கும் மயிர். தேத்தண்ணியில்,
தலையணையில், அவருடைய கறுப்புச் சீருடையில்.
டிப்போவில் ஆர்வோ கேட்டானாம்,
"வீட்டில் பூனை வளர்க்கிறாயா?"
"இல்லை, ஆடு."
"என்ன பெயர்?"

அதற்கு மட்டும் பதில் வரவில்லையாம்.
நீ ஒன்று சொல்லு என்று
என் தோளிலிருந்து ஒரு மயிரை ஊதிக்கொண்டு
நிற்கிறார்.