நான்காவது கோடு

நெல்பேட்டையில் விடிகாலை நாலரைக்கு
ஈரல் இன்னும் சூடாக இருக்கும்.
காஜா மைதீன் எனக்கென்று ஒதுக்கி வைப்பவை
தராசு ஏறாத ஈரல்கள்;
விரல் கனத்துக்குப் பித்தக்குழாய் வெளுத்துத் தடித்தவை.
அமுக்கினால் வழுக்கி வரும்
வேப்பிலை நீளத்தில், பல்லில்லாத விளிம்போடு
ஒரு தட்டைப்புழு.

"யாவாரத்துக்கு ஆகாது டாக்டரம்மா,
உங்களுக்குத்தான் ஆகும்."

நான் டாக்டர் இல்லை.
திட்டம் முடிந்தால் வேலையும் முடிகிற
பரிசோதனைக்கூட உதவியாள்.
மடியில் ஐஸ்பெட்டி. மீனாம்மா என்று கேட்கும் நடத்துநரிடம்
ஆமாம் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

கண்ணாடிக்கு நடுவே நசுக்கி, சாயமேற்றிப் பார்த்தால்
விந்து சேரும் பையில் விந்து இல்லை.
கழுவிக் கவிழ்த்த சொம்பு.
ஆனாலும் முட்டைகள்,
கருப்பை கொள்ளாமல், பொன்னிறமாய்.

புத்தகப்படி இந்த ஊர்ப் புழுவுக்கு மூன்று கோடு.
குளிர்நாட்டுப் புழுவுக்கும் மூன்றுதான்,
ஒன்று மட்டும் இடம் மாறி விழும்.
பதினேழாம் எண்ணுக்கு
நான்கு.

குழாய் கலந்துவிட்டதோ என்று மறுபடி ஓட்டினேன்.
நான்கு.
மின்சாரம் போய், ஜெனரேட்டர் இருமி எழுந்த பிறகு
மூன்றாம் முறை.
இருட்டறையில் ஆரஞ்சு வெளிச்சத்தில்
நான்காவது கோடு
அசையாமல் உட்கார்ந்திருந்தது.

தாய் மட்டுமே கொடுத்தனுப்பும் சீட்டு ஒன்று
உயிரணுவுக்குள் உண்டு. அதையும் பிரித்துப் படித்தேன்.
தாய் இந்த ஊர்க்காரி.
தகப்பன் வழி எந்த மந்தையோடு
எந்த மலை இறங்கியதோ, எத்தனை தலைமுறைக்கு முன்போ.

படிவத்தில் 'இனம்' என்று ஒரே ஒரு கட்டம்.

வட்டாட்சியர் அலுவலகத்தில்
என் அம்மா கைப்பையைப் பிசைந்து நின்ற நாள்,
"ரெண்டுல எதம்மா எழுத?" என்று
எழுத்தர் பேனாவை மேசையில் தட்டிய சத்தம்.
ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம்,
அந்தப் புழுவை எனக்குப் பிடித்துவிட்டது.

வெட்கக்கேடு. அது தின்றது ஒச்சம்மாளின் ஆட்டை.

தென்கரைக் கண்மாய் ஓரம் அறுப்பு முடிந்த வயலில்
கிடை போட்டிருந்தாள்.
தாடைக்குக் கீழே தண்ணீர் கோத்துத்
தலை தூக்காமல் நின்றவை ஒன்பது.
ஆறு செத்தன.
மூன்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளினாள்.
அதில் ஒன்றுதான் என் பதினேழு.

போட்டோவைக் காட்டினேன்.
முந்தானையால் வெயிலை மறைத்துப் பார்த்தாள்.
"அப்ப மருந்து வேறயா?"
இப்போதைக்கு அதேதான்.
"அப்ப நாலு கோடு கெடந்தா என்ன,
நாப்பது கெடந்தா என்ன?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.
இதுக்கு ஜோடி வேண்டாம்.
ஒத்தைப் புழு, ஒரு நத்தை, கொஞ்சம் தண்ணி.
போதும்.

பேசவில்லை அவள்.
மதகில் தண்ணீர் திறந்து மூன்று நாள்.
வாய்க்கால் கரைப்புல்லில், மிளகளவில், நத்தைகள்.
"ஒத்தையாவா" என்றாள், என்னிடம் இல்லை.
பிறகு கம்பை எடுத்து
மந்தையைப் பச்சையிலிருந்து திருப்பி
கருவேலங்காட்டு மேட்டுக்கு ஓட்டினாள்,
காய்ந்த நெற்றும் புழுதியும் இருக்கும் பக்கம்.

ஒரு கிடாய்க்குட்டி மட்டும் திரும்பவில்லை.
முன்னங்கால் இரண்டும் சேற்றில்,
வாய் தண்ணீரில்.
போட்டோவைக் கையில் சுருட்டிக்கொண்டு
நானும் இறங்கினேன், அதை விரட்ட.